பாசி மாப்பிள்ளை

பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து கிளம்பும் கண்ணாடிப் படகில் மைக் பிடிப்பவள் நான், ஆஸ்லின். எஞ்சின் பிடிப்பவர் என் அப்பா செபஸ்தியான். படகின் அடியில் பதித்த கண்ணாடி வழியாகப் பயணிகளுக்குப் பவளப்பாறைகளைக் காட்டுவோம். பேச்செல்லாம் என் பொறுப்பு. வாயைத் திறப்பதென்றால் அப்பாவுக்கு ஊசி போட்டுக்கொள்கிற மாதிரி.

அம்மா தவறிப்போன பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல், கல்யாணமாகியும் நான் பாம்பனிலேயே இருந்துவிட்டேன். என் புருஷன் சகாயவினோத் எங்கள் வீட்டோடு வந்துவிட்டான். ராமேஸ்வரத்து ஓட்டல் ஒன்றில் சமையல் அவனுக்கு. வீட்டிலும் கரண்டி அவன் கையில்தான். அவன் வைக்கும் ஊளிமீன் குழம்புக்கு நான் சொத்தையே எழுதி வைப்பேன், சொத்து இருந்தால்.

போன வருஷச் சித்திரையில் கடல் தண்ணீரே வெந்நீராகிவிட்டது. ஒரு மத்தியானம் கரண்ட் வேறு இல்லை. அடுப்படியில் வெந்துகொண்டிருந்த வினோத்திடம் அப்பா குழம்பை ருசி பார்த்துவிட்டு, "இந்தாப்பா, புளி கூடிப்போச்சே" என்றார். அவ்வளவுதான், கரண்டி பறந்தது.

"இந்தாப்பா, அந்தாப்பா! கல்யாணமான நாள்லருந்து ஒருவாட்டியாவது என்னைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருக்கீகளா மாமா? நான் என்ன கூலிக்கு வந்தவனா?"

அப்பாவுக்கும் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. "புடிக்கலன்னா போகவேண்டியதுதான" என்று சொல்லிவிட்டார். வினோத் பையைத் தூக்கிக்கொண்டு இராமநாதபுரத்தில் இருக்கும் அவன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கேயே வேலை தேடிக்கொண்டான், வாடகைக்கு வீடும் பார்த்துவிட்டான். "ஞாயித்துக்கிழமை பால் காய்ச்சுறோம். வாரியா, இல்ல உங்கப்பாகூடவே இருக்கியா?" என்று போனில் கேட்டான்.

சனிக்கிழமை வரைக்கும் என்னால் முடிவெடுக்க முடியவில்லை. பெட்டியை மட்டும் கட்டிவைத்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு எஞ்சினுக்கு எண்ணெய் போடப் போய்விட்டார். இரண்டு ஆம்பிளைகளையும் ஒரே வலையில் சுருட்டிக் கடலில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அந்த மனநிலையில்தான் சனிக்கிழமை மைக்கைப் பிடித்தேன். நயினார்கோவில் பக்கத்து விவசாயிகள் ஒரு கூட்டம், ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி முருகம்மாள். வெற்றிலை போட்ட வாய், அதட்டுகிற குரல். பக்கத்தில் அவர் புருஷன் கூத்தையா, பணிவான மனுஷன்.

குருசடைத் தீவை நெருங்கியதும் கண்ணாடிக்குக் கீழே பவளம் தெரிந்தது. முழுக்க வெள்ளை வெளேரென்று.

"ஆத்தி, எம்புட்டு அழகு! நம்ம வீட்டு வேட்டி ஒருநாளாச்சும் இப்படி வெளுத்திருக்கா?" என்றார் முருகம்மாள். படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது அழகில்லம்மா, பட்டினி" என்றேன். "பவளம் கல்லில்ல, உசுருள்ள ஜீவன். அதோட தோலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொடிப்பாசி குடியிருக்கும். வெயில வாங்கிச் சோறு சமைச்சுப் பவளத்துக்கு ஊட்டுறது அதுதான். பவளத்துக்கு நிறமே அந்தப் பாசி குடுக்குறதுதான்."

"அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு" என்றார் முருகம்மாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. "ஆமா, வீட்டோட மாப்பிள்ளைதான். அவன் இல்லன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாது. ஆனா தண்ணி சூடாச்சுன்னா மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிரும். சோத்தோட சேத்து நஞ்சையும் கக்குவான். மாமனாரு, அதான் பவளம், அவருக்கும் சூடு தாங்காது, கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிருவாரு. நிறமும் போச்சு, சோறும் போச்சு. இந்தா, இப்படி வெளுத்துக் கெடக்க வேண்டியதுதான்."

"அப்ப செத்துப்போச்சா?" என்று கூத்தையா மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் இல்லய்யா. தண்ணி சீக்கிரம் குளுந்து பாசி திரும்பி வந்துட்டா பொழைச்சுக்கும். ரொம்ப நாளு வராட்டி செத்துரும். எல்லாப் பாசியும் ஒரே ரகமில்ல. அந்தா, வெள்ளைக்கு நடுவுல ஒண்ணு மட்டும் தவிட்டு நிறத்துல நிக்குது பாருங்க. அதுக்குள்ள இருக்குறது சூடு தாங்குற ரகம். சோறு கொஞ்சம் கம்மியாத்தான் போடும், ஆனா கோடையில நஞ்சு கக்காது."

"எங்க சித்திரைக்கார் நெல்லு மாதிரி" என்றார் கூத்தையா. "வெளைச்சல் கம்மி. ஆனா வானம் பொய்ச்சாலும் நிக்கும்."

முருகம்மாள் விடுவதாக இல்லை. "அதெல்லாம் இருக்கட்டும். அந்த மாமனாருக்கு அப்படி என்ன வீம்பு?"

"வீம்புதான்! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, வாய் நெறைய மாப்பிள்ளைன்னு கூப்பிட்டிருந்தா அவன் ஏன் ராம்நாட்டுக்குப் போறான்?"

முருகம்மாள் என்னையே பார்த்தார். "ஏத்தா, பாசியா ராம்நாட்டுக்குப் போச்சு?"

எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் எஞ்சின் நின்றது. அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"நான் வேணும்னேதான் அப்படிக் கூப்பிடல" என்றார். "கல்யாணமான புதுசுல பஸ் ஸ்டாப் டீக்கடையில நாலு பேரு வினோத்தப் பாத்து, 'வாங்க வீட்டோட மாப்ளே'ன்னு கேலி பண்ணானுக. அந்தப் பய மூஞ்சி சுண்டிப்போச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த வார்த்தை அவனக் குத்துதேன்னு அன்னையிலருந்து அத நாக்குலயே வச்சுக்கிடல."

ஒருவன் அந்த வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறான். இன்னொருவர் அவன் நோகக் கூடாதென்று அதையே ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம்தான் அழுகை.

"இத அவன்கிட்டச் சொல்றதுக்கென்னப்பா?"

"எப்படிச் சொல்ல? அந்த வார்த்தையச் சொல்லித்தான சொல்லணும்."

"போனப் போடுங்கய்யா!" என்று முருகம்மாள் உத்தரவு போட்டார். கூத்தையா நீட்டிய போனில் நான் வினோத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அப்பா கையில் திணித்தேன். என் இன்னொரு கையில் மைக் அணையாமல் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "அலோ. மாப்ளையா?"

வினோத்தின் குரல் படகு முழுக்கக் கேட்டது. "யாருங்க பேசுறது? ராங் நம்பரு."

"நான்தான் செபஸ்தியான், ஒங்க மாமன்."

"மாமாவா? என்ன மாமா, ஆஸ்லினுக்கு ஏதும்..."

"அவ நல்லாத்தான் இருக்கா. இங்கன எல்லாம் வெளுத்துப்போய்க் கெடக்கு." அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "வீட்டுக்கு வாங்க மாப்ள."

படகில் எழுந்த கூச்சலில் அவன் சொன்ன பதில் யாருக்கும் கேட்கவில்லை. சாயங்காலம் பையோடு வந்து நின்றான், அதுதான் பதில். வாடகை வீட்டுக்காரரிடம் அவன் அண்ணன் சமாதானம் சொன்னாராம். பாலை எங்கள் அடுப்பிலேயே காய்ச்சிக் குடித்தோம்.

மழைக்காலம் வருவதற்குள் தண்ணீர் குளிர்ந்தது. பவளத்தில் பாதிக்கு மேல் பழுப்பேறித் தேறிக்கொண்டது. மீதி போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பயணிகளிடம் சொல்லும்போது இன்னமும் எனக்குக் குரல் இறங்கிவிடும்.

வினோத்தும் ரகம் மாறிவிட்டான். இந்த வருஷம் சித்திரை பிறந்ததும் வீட்டில் மத்தியானச் சமையலை நிறுத்திவிட்டான். காலையில் வைப்பதுதான், மத்தியானம் பழையசோற்று நீச்சுத்தண்ணியும் கருவாடும். ஊளிமீன் குழம்பு வாரத்துக்கு ஒரு நாள்தான். எனக்குக் குறைதான். ஆனால் வீட்டில் கரண்டி பறப்பதில்லை.

போன வாரம் நாங்கள் மூன்று பேரும் பாம்பன் பஸ் ஸ்டாப்பில், அதே டீக்கடையில் நின்றிருந்தோம். இராமநாதபுரம் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஒரு சாக்கு மூட்டையைப் படியில் இறக்கிவைத்துவிட்டுக் கத்தினார்: "நயினார்கோவில் முருகம்மாள் குடுத்துவிட்ட சித்திரைக்கார் அரிசி! இங்கன பாசி மாப்பிள்ளைங்கிறது யாருப்பா?"

டீக்கடையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு வினோத்தின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "நான்தான், பாசி மாப்பிள்ளை" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போய், மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

அவன் பின்னாலேயே அப்பா ஓடினார். "பாத்து, பாத்து. ஒரு பக்கம் நான் புடிக்கிறேன் மாப்ள."