கட்டுப்படியாகாத வேலை

விடிந்தும் விடியாத நேரத்தில் பதினோரு பெண்கள் தகரக் கொட்டகைக்குள் ஒயர் இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பலகை. பலகையின் நடுவே, கூரான பக்கம் மேலே தெரியும்படி ஒரு பிளேடு. ஒயரின் நுனியை இடது கையால் அதன்மேல் அழுத்திக்கொண்டு வலது கையால் விருட்டென்று இழுத்தால் தோல் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். பிறகு நகத்தை விட்டுப் பிரித்து உரிக்க வேண்டும். செம்பு ஒரு குவியல், சிவப்பும் பச்சையும் கறுப்புமான தோல் ஒரு குவியல். வெயில் ஏறினால் பிளாஸ்டிக் இளகும், உரிப்பது சுலபம். ஆனால் அந்தத் தகரத்துக்கு அடியில் வெயில் ஏறியபின் மனுஷி உட்கார முடியாது. அதனால் குளிரில் விறைத்துக் கிடக்கும் ஒயரோடுதான் தினமும் மல்லுக்கட்டினார்கள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு. சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எரியும். பாதிப் பேர் கரண்டியால்தான் தின்றார்கள்.

ரேணிகுண்டாவில் ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்தப் பழைய சாமான் குடோன் ஹரிபாபுவுடையது. மூடிய ஆலைகளிலிருந்தும் இடித்த கட்டடங்களிலிருந்தும் ஒயர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். உரித்த செம்பு வாரம் ஒருமுறை லாரியில் சென்னைக்குப் போகும். ஒரு கிலோ செம்பு உரித்தால் கூலி முப்பது ரூபாய்.

அந்தத் திங்கட்கிழமை ஹரிபாபு கொட்டகை வாசலிலேயே நின்று பேசினார். ஒயரை உரித்து விற்பது இனிமேல் கட்டுப்படியாகாது, உரிக்காமல் விற்றாலும் ஏறக்குறைய அதே பணம்தான் வருகிறது, உங்கள் பிழைப்பு கெடக்கூடாதே என்றுதான் இந்த வேலையை விட்டுவைத்திருக்கிறேன் என்றார். இன்றிலிருந்து கிலோவுக்கு இருபது ரூபாய்.

"கிட்டுபாட்டு காதம்மா," என்று தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார். "இஷ்டம் இருந்தா இழுங்க. இல்லன்னா நான் அப்படியே ஏத்தி அனுப்பிடறேன்."

பெண்கள் யூனிஸைப் பார்த்தார்கள். அங்கே எட்டு வருஷமாக ஒயர் இழுக்கிறவள் அவள். நாற்பத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள் என்பதால் தராசு எண்ணைப் பார்த்துச் சொல்வதும் ஓனரிடம் பேசுவதும் அவள் பொறுப்பாகியிருந்தது. வீட்டில் கணவனுக்கு முதுகுவலி வந்து மூட்டை தூக்குவதை விட்டு ஒரு வருஷமாகிறது. இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்று பயந்தாள். ஹரிபாபு போனபின் மற்றவர்களிடம்தான் சொன்னாள்: "ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடலாம். கொஞ்சம் வேகமா இழுத்தா பழைய கூலி வந்துடும்."

அவள் சொன்னபடியே செய்தார்கள். இருட்டு பிரியும் முன்பே வந்தார்கள், வேகமாக இழுத்தார்கள். வியாழக்கிழமை, யூனிஸுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த யசோதா தடித்த கேபிள் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். புத்தூர்ப் பக்கத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். கேபிள் பாதியில் சிக்கியது. நிறுத்தி, திருப்பிப் போட்டு இழுத்திருக்க வேண்டும். நேரம் போகிறதே என்று பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். கேபிள் வெடுக்கென்று விடுபட, அழுத்திப் பிடித்திருந்த இடது கை வழுக்கிப் பிளேடின்மேல் போய் இறங்கியது. அவள் கத்தக்கூட இல்லை. கட்டைவிரலின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகுதான் ரத்தம் வந்தது.

யூனிஸ் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். லாரி ஓட்டும் சலீம் அப்போதுதான் வந்திருந்தான். அவன்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து, கூடவே திருப்பதி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தான். விரலை மடக்கும் நரம்பு அறுந்துவிட்டது, தைத்திருக்கிறோம், பழையபடி மடங்குமா என்று மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோது யூனிஸ் சலீமிடம் கேட்டாள், உரிக்காமல் கொண்டுபோனால் சென்னையில் என்ன விலை கொடுப்பார்கள் என்று. ஹரிபாபு சொன்னதை அதுவரை அவளும் நம்பித்தான் இருந்தாள். சலீம் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"யாருக்கா சொன்னது ஒனக்கு? தோலோட போனா பாதி வெலைகூட வராது. உள்ள எவ்ளோ செம்பு கீதுன்னு அவன் கண்ணால பார்த்து ஒரு வெலை சொல்வான், அதான் வெலை. நீங்க உரிச்சு அனுப்பறதுக்குத்தான் அங்க ஆளுங்க காத்துக்கினு கீறாங்க."

வேகமாக இழு என்று தான் சொன்னதும் யசோதாவின் கையும் யூனிஸின் தலைக்குள் மாறி மாறி வந்தன. சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

மத்தியானம் குடோனுக்குத் திரும்பியபோது யசோதாவின் பலகை காலியாக இருந்தது. ரத்தம் பட்ட செம்பை ஹரிபாபு குழாயில் கழுவச் சொல்லி மூட்டையில் போட வைத்திருந்தார். யூனிஸின் கையில் ஐந்நூறு ரூபாயும் ஒரு தாளும் கொடுத்தார். கை வீட்டில் அறுபட்டது என்று தெலுங்கில் எழுதியிருந்தது. யசோதாவிடம் கையெழுத்து வாங்கி வா என்றார். அவள் பணத்தை வாங்கவில்லை. தாளை மட்டும் மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் பத்துப் பேரும் நின்று பேசினார்கள். யூனிஸ் முதலில் தன் தப்பைச் சொன்னாள். பிறகு சலீம் சொன்னதைச் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. கோபம் அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அந்தக் கழுவிய செம்பு எல்லோருக்கும் நெஞ்சில் நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, லாரி போகிற நாள். ஹரிபாபு ஒன்பது மணிக்கு வந்தபோது கொட்டகையில் பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. பெண்கள் உரிக்காத ஒயர்க் கட்டுகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி வரிசையாக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சலீம் மேலே நின்று வாங்கி அடுக்கினான். பாதி லாரி நிறைந்துவிட்டது.

அவர் வண்டியின் இன்ஜினை அணைக்காமலேயே இறங்கி ஓடிவந்து, என்ன இது, இறக்குங்கள் என்றார்.

யூனிஸ் தோளிலிருந்த கட்டைக் கீழே வைத்தாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"உரிச்சா கட்டாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. அதான் அப்படியே ஏத்தறோம். எங்களுக்காவ நீங்க இன்னாத்துக்கு நஷ்டப்படணும்?"

"எறக்கும்மா மொதல்ல. இது இப்படிப் போனா எனக்கு எவ்ளோ நஷ்டம் தெரியுமா?"

சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். பாதையில் ஒரு சரக்கு ரயில் கடந்து போனது.

"எவ்ளோ சார்?" என்றாள் யூனிஸ்.

ஹரிபாபு லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். "யசோதா கை இங்கதான் அறுந்தது. அவ கை சரியாவற வரைக்கும் கூலி குடுங்க, ஆஸ்பத்திரி செலவக் குடுங்க. எல்லாருக்கும் பழைய முப்பது ரூபா. கைக்கு உறை, பிளேடுக்கு மூடி. அதுக்கப்புறம் பலகைய எடுக்கறோம்."

ஹரிபாபு சிரித்தார். பொம்பளைகளெல்லாம் சேர்ந்து எனக்கே கணக்குச் சொல்கிறீர்களா, உங்களை விட்டால் ஆளா இல்லை, வரதய்யபாளையத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் இறக்குகிறேன், போங்கள் என்றார். சலீமையும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். சலீம் சாவியை லாரியின் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தான். கேட் மூடப்பட்டது.

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே, குட்டைச் சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்தார்கள். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை போனபோது அதிகாரி இல்லை. வீடுகளில் அரிசி குறைந்தது. ஒருத்தியின் மாமியார் தெருவில் நின்று திட்டினாள். யூனிஸின் கணவன் வலிக்கிற முதுகோடு இட்லிக் கடையில் மாவாட்டப் போனான். பத்துப் பேரில் ஒருத்திகூட கேட்டுக்குள் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வேன் வந்தது. உள்ளே பன்னிரண்டு பெண்கள், மடியில் சோற்று டப்பாக்கள். ஹரிபாபு சின்னக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். வேனிலிருந்து இறங்கியவர்களில் முன்னால் வந்தவள் இருபத்தைந்து வயதிருக்கும். பவ்யா என்று பெயர். சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துத் தயங்கினாள்.

யூனிஸ் எழுந்து அவளிடம் போனாள். திட்டப்போகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அவள் திட்டவில்லை.

"இன்னா கூலி சொன்னாரும்மா?"

"பதினெட்டு."

"எங்களுக்கு இருபதுன்னாரு. நான்தான் இவங்கள வேகமா இழுங்க, கூலி வந்துடும்னு சொன்னேன். அதோ, அவ என் பேச்சக் கேட்டா."

அன்று அவர்களோடு வந்திருந்த யசோதா சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தாள். பவ்யா அந்தக் கையைப் பார்த்தாள். விரல் அசைகிறதா என்று கேட்டாள். அசையவில்லை என்றாள் யசோதா.

"எங்க வீட்லயும் அடுப்பு எரியணும்க்கா," என்றாள் பவ்யா.

"தெரியும்மா," என்றாள் யூனிஸ். "நீங்க பதினெட்டுக்குப் போனா, அடுத்த வாட்டி இன்னொரு வேன் பன்னெண்டுக்கு வரும். அதுல வர்றவங்க வீட்லயும் அடுப்புதான் கீது."

ஹரிபாபு அவசரப்படுத்தினார். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். பவ்யா திரும்பித் தன்னோடு வந்தவர்களிடம் தெலுங்கிலும் தமிழிலுமாக ஏதோ பேசினாள். ஒருத்தி ஒத்துக்கொள்ளவில்லை, தலையாட்டிவிட்டுக் கேட்டுக்குள் போனாள். இன்னொருத்தி அவள் பின்னால் போய், வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தாள். மீதிப் பேர் வெயிலில் நின்றார்கள்.

பவ்யா சாலையைக் கடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக ஒன்பது பேர் வந்தார்கள். வாசலில் நின்றவளும் கடைசியில் வந்துவிட்டாள். ஹரிபாபு போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ இரைந்து பேசினார். உள்ளே பாதி ஏற்றிய லாரி அப்படியே நின்றது. உள்ளே போன ஒருத்தி ஒயர்க் குவியலின் முன்னால் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

சுவர் நிழல் அத்தனை பேருக்குப் போதவில்லை. யூனிஸ் மெல்ல நகர்ந்து வெயிலில் உட்கார்ந்துகொண்டு, பவ்யாவுக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.