சும்மா இருக்கிற பேட்டரி

“அந்தப் பேட்டரி மட்டும் ஏம்மா எப்பவும் சும்மாவே உக்காந்திருக்கு?”

மகள் ஒருமுறை இப்படிக் கேட்டாள். விசைப்படகின் பின்இருக்கையைத் தூக்கிவைத்து, உள்ளிருந்த இரண்டு பேட்டரிகளையும் அம்மா துடைத்துக்கொண்டிருந்த நேரம். ஒன்று விளக்கு, ரேடியோ, குளிர்பெட்டி, படகுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு என்று நாள் முழுக்க உழைக்கும். மற்றது இஞ்சினைக் கிளப்ப மட்டும்.

“அது சும்மா இல்லடி. காத்துக்கிட்டு இருக்கு.”

“காத்துக்கிட்டு இருக்கறது ஒரு வேலையா? அப்ப நானும் வீட்டுப்பாடம் பண்ணல, காத்துக்கிட்டு இருக்கேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி மனதில் எங்கோ ஒட்டிக்கொண்டது.

அந்த வருடம்தான் நல்ல செய்தி வந்தது. எதிரே இருந்த தீவுகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸை ஏற்றிச் செல்ல ஆஸ்பத்திரி அவள் படகைத் தேர்ந்தெடுத்தது. சுற்றிப்பார்க்க வருபவர்களை நம்பிப் பிழைத்தவளுக்கு அது நிரந்தர வேலை. முதல் நாள் மட்டும் பரீட்சை. நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் வேலை அடுத்த படகுக்குப் போய்விடும்.

அடுத்த படகு பீரங்கியுடையது. மெதுவாகப் பேசவே தெரியாத மனிதர் என்பதால் படகுத்துறையில் எல்லோரும் வைத்த பெயர் அது. அவர் படகு அவள் படகை ஒட்டித்தான் நிற்கும். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்இணைப்பு. சார்ஜ் போட ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் அவளுக்கு. ஒருமுறை அவள் முறையன்று அவள் சார்ஜரை அவர் பிடுங்கிப் போட்டதில் வாய்ச்சண்டை முற்றி, பேச்சு நின்றுபோயிருந்தது.

முதல் நாளுக்கு முந்தைய மாலை, படகைக் கழுவிப் பளபளவென்று ஆக்கினாள். தடுப்பூசிக்காகக் குளிர்பெட்டி காலையில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் கட்டளை. இருட்டத் தொடங்கியதும் விளக்கு மங்கியது. அன்று மின்இணைப்பு பீரங்கியின் முறை. மகளின் கேள்வி நினைவுக்கு வந்தது. சும்மா இருப்பதையும் கொஞ்சம் வேலை வாங்கினால் என்ன? எந்தப் பேட்டரி ஓட வேண்டும் என்று மாற்றும் குமிழை ‘இரண்டும்’ என்ற இடத்துக்குத் திருப்பினாள். போகும்போது மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் மகள் இருக்கையிலேயே தூங்கிப்போனாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தபோது குமிழ் மறந்தே போயிற்று. குளிர்பெட்டி இரவெல்லாம் ஓடி இரண்டு பேட்டரியையும் உறிஞ்சித் தீர்த்தது.

காலையில் நர்ஸ் மருந்துப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினாள் இவள். டக். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினாள். டக்.

“கோவிச்சுக்காதீங்கக்கா,” என்றாள் நர்ஸ் தயக்கத்தோடு. “ஏழரைக்குள்ள கிளம்பலன்னா பக்கத்துப் படகைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க.”

பக்கத்துப் படகில் பீரங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். ‘டக்’ அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம். அந்த டீயைக் குடித்து முடித்தாலே போதும், வேலை அவருக்கு. இவள் கண்ணை மூடிக் கடவுளைக் கூப்பிட்டாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. கண்ணைத் திறந்தால், தோளில் தடித்த ஒயர் சுருளோடு பீரங்கி.

“என்ன, ரெண்டு பேட்டரியையும் சேத்துக் காலி பண்ணிட்டியா?” என்றார், துறை முழுக்கக் கேட்கும்படி.

“ஆமாண்ணே. மறந்துட்டேன்.”

“ஊருக்குச் சொல்றேன்னு நெனைக்காத, என் தொண்டையே இப்படித்தான். மூடியைத் திறந்து காத்து போக விடு. சிவப்பைச் சிவப்புல கடிக்க விடு. கறுப்பைப் பேட்டரியில போடாத, இஞ்சின் இரும்புல போடு. பொறி பறந்தா தள்ளியே பறக்கட்டும்.”

“தெரியும்ணே.”

“தெரிஞ்சதெல்லாம் நேத்து சாயங்காலம் எங்க போயிருந்துச்சு?”

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சாவியில் கை வைத்தவள் நிறுத்தினாள். “அண்ணே, நான் கிளம்பலன்னா இந்த வேலை உங்களுக்குத்தானே வரும்?”

அவர் குரல் முதல்முறையாகத் தணிந்தது. “உன் பேட்டரி செத்துத்தான் எனக்கு வேலை வரணுமா? அந்தச் சோறு தொண்டையில இறங்காதும்மா. திருப்பு சாவியை.”

அவர் படகின் பேட்டரியிலிருந்து ஒயர் வழியே வந்த மின்சாரத்தில் இஞ்சின் உறுமிக் கிளம்பியது.

வேலை நிலைத்தது. நன்றி சொல்ல அவள் வாயெடுத்த போதெல்லாம் பீரங்கி ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

மழைக்காலம் வந்தது. மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று பீரங்கி வெளியூர் போயிருந்தார். விடாமல் பெய்த மழையில் ஒரு பிற்பகல் அவள் துறைக்குத் திரும்பி, சார்ஜரை எடுத்துக்கொண்டு மின்இணைப்பை நோக்கி நடந்தாள். அன்று அவள் முறை. பீரங்கியின் படகிலிருந்து பம்பின் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கப் படியேறுபவரைப் போல விட்டுவிட்டு முனகியது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். தரைப்பலகைக்கு மேலே தண்ணீர். பேட்டரி தீர்ந்தால் பம்பு நிற்கும். விடிவதற்குள் படகு மூழ்கிவிடும். போன் செய்தால் மனுஷன் மனைவியை விட்டுவிட்டு ஓடிவருவார்.

தன் படகை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உழைக்கும் பேட்டரி இறங்கித்தான் இருந்தது. குளிர்பெட்டிக்கு ஐஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். மற்ற பேட்டரி நிறைந்திருந்தது. நாளைக் காலை இஞ்சினைக் கிளப்ப அது போதும்.

சார்ஜரை மழை படாமல் அவர் இருக்கைக்கு அடியில் வைத்து, அவர் பேட்டரியில் இணைத்தாள். கொஞ்ச நேரத்தில் பம்பின் குரல் தேறியது. படகின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் தடித்துப் பீச்சியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

விடிந்தும் விடியாததுமாக வந்தபோது மழை விட்டிருந்தது. துறையில் ஆளில்லை. தரைப்பலகை தெரிந்தது, சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. இணைப்பைக் கழற்றினாள். தன் ஈரக் காலடித் தடங்களைத் துணியால் துடைத்தாள். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடி, கயிற்றைச் சுற்றி, பீரங்கி எப்போதும் போடும் அந்தக் கோணல் முடிச்சையே போட்டு வைத்தாள்.