முத்துப்பேச்சி சொன்னது

சூரியநெல்லிக்குக் கீழே இருந்த தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்காகப் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். குருவம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து மடியில் கிடந்த குழந்தைக்குப் பாலாடையால் பால் புகட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. பிறந்து இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணமும் பிளந்திருந்ததால் அதற்கு மார்பில் உறிஞ்ச வரவில்லை. பீய்ச்சி எடுத்து ஊற்றினாலும் பாதிப் பால் மூக்கு வழியாக வந்தது. குழந்தை திணறி, முகம் கறுத்து, பிறகு இருமி மூச்சு வாங்கியது.

பாட்டில் கழுவும் வாளியோடு அந்தப் பக்கம் வந்த ஒரு பெண் நின்றாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். ஏதோ சொன்னாள். குருவம்மாளுக்கு விளங்கவில்லை. சொற்கள் எல்லாம் மூக்கு வழியாக வந்தன. 'பால்' என்றது 'மால்' என்று கேட்டது. அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினாள். தொடையில் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையை விரலால் தாங்கி, கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் ஊற்றினாள். விழுங்கும்வரை காத்திருந்தாள். மறுபடி ஊற்றினாள். முதல் தடவையாகப் பாலாடை காலியானது.

குனிந்தபோது முந்தானை நழுவியது. அவளுடைய மேலுதடும் பிளந்திருந்தது. பற்கள் கோணல்மாணலாக இருந்தன. சில இடத்தில் முளைக்கவே இல்லை. ஆனால் குருவம்மாள் பார்த்தது கீழுதட்டை. நடுவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்னக் குழிகள், ஈரம் கசிந்துகொண்டு. அவள் புருஷன் சங்கையாவின் உதட்டிலும் அதே இடத்தில் அதே குழிகள் இருந்தன. சின்ன வயதில் விழுந்து பல் குத்தியது என்று அவன் சொல்லியிருந்தான்.

"ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் ஊரைச் சொன்னாள். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் புரிந்தது. சங்கையாவின் ஊர்தான்.

"கூடப் பொறந்தவுக இருக்காகளா?"

"ஒரே தம்பி. சங்கையான்னு பேரு."

குருவம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். தனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை என்றுதான் சங்கையா சொல்லியிருந்தான்.

பெருவெள்ளம் மலையைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன நாலாம் வருஷம் அது. குருவம்மாள் சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கையாவின் தாய்மாமன் அழகுமலைதான் அவர்களுடைய கங்காணி. பெண் பார்த்து முடித்துவைத்தவரும் அவர்தான். அவள் மாசமாக இருந்தபோது கிரகணம் வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகாமல் லயத்து வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று அவரிடம்தான் கேட்டாள். வெள்ளைக்காரத் துரை ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லி அரிவாளைக் கொடுத்துக் காடு வெட்டப் போகச் சொன்னார். குழந்தை பிறந்ததும், கிரகணத்தில் அறுத்தாள், பிள்ளை உதடு அறுந்து வந்தது என்று முதலில் சொன்னவரும் அவரே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் ஆயா இந்தக் குழந்தையை வாங்க மறுத்தாள். குருவம்மாள் வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அவளை ஊருக்கே அனுப்பிவிடலாமா என்று ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெரியவர்கள் கூடிப் பேசுவதாக இருந்தது.

"மதினி," என்றாள் குருவம்மாள். "நான் ஒங்க தம்பி பெண்டாட்டி. இது அவுக பிள்ள."

முத்துப்பேச்சி என்ற அந்தப் பெண் குழந்தையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "கல்யாணம் முடிஞ்சுருச்சா?" என்று கேட்டாள்.

பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். குருவம்மாளின் காது அந்தப் பேச்சுக்குப் பழகிவிட்டது. பெண் வீட்டார் பார்த்தால் தம்பிக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மாமாதான் அவளை இங்கே கொண்டுவந்து விட்டாராம். கல்யாணம் முடிந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னாராம்.

"எங்கம்மாவுக்கு நாலு பிள்ளை. மூணுக்கு இப்பிடி. ரெண்டு, பால் எறங்காமச் செத்துச்சு. செத்துப்போன எங்கம்மா ஒதட்டுலயும் இந்தக் குழி இருந்துச்சு."

"கிரகணத்துல எதும்…"

"மூணு தடவையுமா கிரகணம் வந்துச்சு?"

டாக்டர் குழந்தையின் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். எடை கூடி ஆறு மாதம் தாண்டினால் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தைக்கலாம் என்றார். அதுவரை சாகாமல் பார்த்துக்கொள் என்றார்.

சாயங்காலம் சங்கையா வேலை முடிந்து வந்து கால் கழுவினான். கையில், தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் கத்தி பிடித்துக் காய்த்த காப்பு. குருவம்மாள் அவன் முன்னால் குழந்தையோடு நின்றாள்.

"ஒங்க அக்காவப் பாத்தேன்."

அவன் செம்பைக் கீழே வைத்தான்.

"மாமா சொல்லக்கூடாதுன்னாரு. அவரு மகளுக்குப் போடியில மாப்பிள்ள பேசிருக்கு. நம்ம வம்சத்துல இப்பிடின்னு தெரிஞ்சா அது நிக்காது."

"நான் கையக் கையப் பாத்து அழுதேனே. இந்தக் கையாலதான எம்பிள்ளைய அறுத்தேன்னு. அப்பவும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?"

சங்கையா அழுதான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம அக்காவக் கூட்டிட்டு வா," என்றான். "எல்லார் முன்னாலயும் நானே சொல்லிர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துப்பேச்சி தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வெளுத்த சேலை கட்டி, நாலு மைல் நடந்து வந்தாள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் எழுபது எண்பது பேர் கூடியிருந்தார்கள். கவாத்துக்காரர்களில் மூத்தவரான பெரியமுத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். அழகுமலை கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் சங்கையா. அக்காவைக் கண்டதும் அவன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். பிறகு அதை வாயிலிருந்து எடுக்கவில்லை.

குருவம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

"இந்தப் பொம்பளயே சொல்லட்டும்," என்றார் பெரியமுத்து. "நீ யாரு தாயி?"

முத்துப்பேச்சி வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். முன்வரிசைப் பெண்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் சங்கையாவைக் கைகாட்டி உரக்கச் சொன்னாள். "அவன் எந் தம்பி." அது 'நம்மி' என்று வந்தது. யாரோ சிரித்தார்கள். அவள் மறுபடி சொன்னாள். இன்னும் உரக்க, இன்னும் மூக்கில். அம்மாவைச் சொன்னாள், செத்துப்போன இரண்டு குழந்தைகளைச் சொன்னாள், மாமா கொண்டுவந்து விட்டதைச் சொன்னாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது. துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒண்ணும் வெளங்கலயே," என்றார் பெரியமுத்து.

"எனக்கு வெளங்குது," என்று அழகுமலை ஒரு அடி முன்னால் வந்தார். "நம்பி, நம்பின்னு சொல்லுதுல்ல? இந்தப் பிள்ள பேச்ச நம்பி வந்துட்டேன்னு சொல்லுது. பாவம், ஆஸ்பத்திரியில பாட்டில் கழுவுறது. வாயப் பாத்ததும் இவளுக்கு ரோசன தோணிருக்கு, கூட்டியாந்துட்டா."

"இல்ல," என்றாள் குருவம்மாள். "தம்பின்னு சொல்றாக. மதினி ஒதட்டப் பாருங்க, ரெண்டு குழி இருக்கு. எம் புருசன் ஒதட்டுலயும் இருக்கு."

"எந் தங்கச்சி மகன் மரத்துலருந்து விழுந்தப்பப் பல்லு குத்துன தழும்பு அது. ஊருக்கே தெரியும்," என்றார் அழகுமலை.

பெரியமுத்து சங்கையாவின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இந்தப் பொம்பள சொல்றது ஒனக்கு வெளங்குதா?"

முத்துப்பேச்சி தம்பியைப் பார்த்து நின்றாள். இப்போது அவள் கத்தவில்லை. வீட்டுக்குள் கூப்பிடுகிற குரலில், "சங்கையா," என்றாள். "நான் சொல்றத நீதான அம்மாவுக்குச் சொல்லுவ. சொல்லுடா."

சங்கையா மாமாவைப் பார்த்தான். களத்தைப் பார்த்தான். துண்டுக்குள்ளிருந்து பேசினான்.

"வெளங்கல."

குருவம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பவில்லை. அதற்குப் பிறகு பேச்சு நீளவில்லை. கிரகணம் பட்ட பிள்ளையோடு அவள் தாய்வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொன்னார்கள். துரையின் ஆபீசில் அவள் பேரை மறுநாளே வெட்டிவிடுவதாக அழகுமலை சொன்னார்.

முத்துப்பேச்சி அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. குருவம்மாளின் ஓலைப்பாயில் குழந்தையை நடுவில் போட்டுப் படுத்தாள். சங்கையா மாமா வீட்டில் தங்கிக்கொண்டான். திங்கட்கிழமை விடிந்ததும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். சேலை இரண்டு, அலுமினியத் தூக்கு ஒன்று. குழந்தை முத்துப்பேச்சியிடம் இருந்தது.

போடிக்குப் போகும் பாதையும் ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையும் பிரியும் இடத்தில் முத்துப்பேச்சி நின்றாள். குழந்தைக்கு ஒரு தடவை பால் புகட்டினாள்.

"வாரீகளா மதினி, எங்கூட? எங்கம்மா வீட்டுக்கு?"

முத்துப்பேச்சி தலையசைத்தாள். "ஆஸ்பத்திரியில பாட்டில் எல்லாம் கழுவணும். நான் இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க." பிறகு, "ஆறு மாசத்துல மதுரைக்குக் கொண்டுபோ. விட்டுராத," என்றாள்.

"கொண்டுபோறேன்."

"பேச்சு வர்றதுக்குள்ள தச்சுரணும்," என்றாள் முத்துப்பேச்சி. குழந்தையைக் கொடுத்துவிட்டு முந்தானையை வாய்மேல் இழுத்துக்கொண்டாள்.

மேலே சரிவில் பனி விலகியிருந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேட்டிலிருந்து அழகுமலை குரல் கொடுத்தார். பள்ளத்தைத் தாண்டி, அரை மைல் தள்ளி நின்ற அந்த இருவருக்கும் ஒவ்வொரு சொல்லும் திருத்தமாகக் கேட்டது. சங்கையாவைக் குருவம்மாள் கொழுந்து பறித்துவந்த, இப்போது காலியாக இருந்த நிரைக்கு வேறொரு பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார். கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து அந்த இடைவெளி மூடியது.