எட்டின் சாய்வு

புள்ளிகள் செறிந்த வட்டத்துக்குள் இசக்கிமுத்துவின் கண் கண்டது இருபத்தொன்று. அவனுக்கு முன் அமர்ந்தவர்கள் அனைவரும் அதே வட்டத்தில் எழுபத்து நான்கு என்று படித்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள்.

“இன்னொரு தரம் நிதானமாப் பாருங்கோ” என்றார் தேர்வாளர் வெங்கடரமணன்.

“நிதானமாத்தான் பாத்தேன் சார். இருபத்தொண்ணு.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த வட்டத்தில் அவனுக்கு எண்ணே தென்படவில்லை. புத்தகத்தை மூடினார்.

“சிவப்பும் பச்சையும் உங்களுக்குப் பிரியலை. நிறம் தெரியாதவாளுக்கு சர்டிபிகேட் கொடுக்கறதில்லை. மனசுல வெச்சுக்காதீங்கோ.”

மெட்ராஸ் சென்னையான ஆண்டின் மார்கழி அது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடியில் இயங்கிய அந்தப் பயிற்சி நிலையத்தில் எடி கரண்ட் சோதனை கற்பித்தார்கள். உலோகக் குழாயை அறுக்காமல், உடைக்காமல், உள்ளிருக்கும் பழுதைக் காணும் வித்தை. கம்பிச்சுருள் ஒன்றைக் குழாய்க்குள் செலுத்தி மெல்ல இழுத்தால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அரிப்போ விரிசலோ எதிர்ப்பட்டால் அவ்வோட்டம் கலங்கும். அக்கலக்கம் கருந்திரையில் ஒளிக்கோடாகி, எட்டு என்னும் எண்ணைப் போல் வளைந்து சாயும். எட்டின் சாய்வைக் கொண்டு பழுதின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். எழுத்துத் தேர்வில் இசக்கிமுத்து தேறியிருந்தான். பிற்பகலில் செய்முறைத் தேர்வு. இடையில் நின்றது இந்தக் கண் சோதனை ஒன்றே.

அவன் தந்தை சுயம்புலிங்கத்துக்குத் தியாகராய நகரில் புடவைக் கடை. அங்கே இரண்டு ஆண்டுகள் அவன் நின்று பார்த்தாயிற்று. அரக்கு கேட்ட அம்மாளுக்குப் பாசிப்பச்சையை விரித்தான். கிளிப்பச்சை கேட்டவளுக்குச் செங்கல் நிறத்தை எடுத்துப் போட்டான். விற்பனையாட்கள் வாய்க்குள் சிரித்தார்கள். “சான்றிதழ் வாங்கினா உன் வழில போ. இல்லன்னா தை பொறந்ததும் குடோன்ல உக்காந்து மூட்டை எண்ணு” என்று தந்தை தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

விடியலில் கபாலி கோயிலில் ஓதுவார் பாட, நின்று கேட்பது அவன் வழக்கம். பவளம் போன்ற செம்மேனியையும், அதில் பாதியாகிய பசுமேனியாளையும் பதிகங்கள் பிரித்துப் பிரித்துப் பாடும். இசக்கிமுத்துவுக்கு அவ்விரு பாதியும் ஒரே நிறம். இரண்டல்லாத ஒன்றாகவே கண்டு கும்பிட்டு வந்தான். அதனால் தன் வழிபாட்டில் குறை உண்டென்று ஒருநாளும் எண்ணியதில்லை. சான்றிதழ் கிடையாது என்றவர் முன் அவன் எழாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

“திரையில எத்தனை நிறம் சார்?”

“ஒண்ணுதான். பச்சைக் கோடு.”

“அது பச்சையோ மஞ்சளோ, சாய்வைத்தான பாக்கோம்? சாய்வு எனக்கு நல்லாவே தெரியும்.”

வெங்கடரமணன் மேசைமேல் ஒரு தாளை விரித்தார். குழாய் வரைபடம்: மின்நிலையத்தில் கட்டாக அடுக்கிய ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு வட்டம், வட்டங்களுக்குள் வண்ணம்.

“திரையோட வேலை முடிஞ்சுடறதா? இதை யார் வரைவா? சிவப்புன்னா குழாய் வாயை அடைச்சுடணும், பச்சைன்னா விட்டுடணும். நீங்க மாத்திப் போட்டா நல்ல குழாயை அடைச்சுட்டு ஓட்டைக் குழாயை விட்டுடுவா. அப்புறம் யார் பதில் சொல்றது?”

இசக்கிமுத்து தாளைப் பார்த்தான். எல்லா வட்டங்களும் அவனுக்கு ஒரே மண்நிறம். அவர் சொன்னதில் பொய்யில்லை. உணவு இடைவேளைக்குக் கீழே இறங்கினான்.

தேநீர்க் கடையில் காதர் நின்றிருந்தான். பட்டினப்பாக்கத்தான், உடன் பயின்றவன், முன்னர் ஒரு மின்நிலையத்தில் பழுதான குழாய்களை அடைக்கும் ஆளாக உழைத்தவன்.

“இன்னா மச்சி, மூஞ்சிய தூக்கிக்கினு கீற?”

நடந்ததைக் கேட்டதும் காதர் தேநீரைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

“கலராம் கலரு! ஆபீஸ்ல கலர் கலரா வரைஞ்சு ஃபைல்ல வெச்சுக்குவானுங்க. அடைக்கிற எங்க கைக்கு வர்றது ஜெராக்ஸு நைனா. அத்தினியும் கருப்பு. எதை அடைக்கிறது, எதை விடறதுன்னு போன் போட்டுக் கேட்டுக்கினு இருப்போம்.”

இசக்கிமுத்து தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு மாடியேறினான். “சார், அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் குடுங்க. திருப்பித் தந்துருவேன்” என்று வாங்கிக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனான்.

இடைவேளை முடிந்தபோது வெங்கடரமணன் முன் ஒரு நகல் கிடந்தது.

“இதுல எந்தக் குழாயை அடைக்கணும் சார்?”

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வட்டங்கள் யாவும் ஒன்றுபோல் கருத்திருந்தன.

“ஒரிஜினலைப் பாத்தா தெரியும்.”

“ஒரிஜினல் ஆபீஸ்ல இருக்கும் சார். குழாய் அங்க இருக்கும். இந்தத் தாளுக்கு முன்னாடி உங்க கண்ணும் என் கண்ணும் ஒண்ணுதான்.”

பின்வரிசையில் காதர், “அப்டிப் போடு!” என்றான். வெங்கடரமணன் நிமிர்ந்து பார்க்கவும் வாயைப் பொத்திக்கொண்டான்.

“நிறத்துக்குப் பதிலா, அடைக்க வேண்டியதுக்குப் பெருக்கல் குறி, மறுபடி பாக்க வேண்டியதுக்கு முக்கோணம், நல்லதுக்கு வெறும் வட்டம். எத்தனை ஜெராக்ஸ் எடுத்தாலும் நிக்கும்” என்றான் இசக்கிமுத்து.

“வாதம் நன்னாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு ஒரு முறை, மத்தவாளுக்கு ஒரு முறைன்னு நான் வெக்க முடியாது.”

“வேண்டாம் சார். என் முறையையே எல்லாருக்கும் வையுங்க.”

வெங்கடரமணன் நகலை மடித்து மேசைமேல் வைத்தார். சினந்தவராகவும் தெரியவில்லை, இளகியவராகவும் தெரியவில்லை.

“போய்க் கருவி முன்னாடி உக்காருங்கோ. ஒரு குழாய் தப்பினாலும் என்கிட்ட வரப்படாது.”

பழுது மறைத்த குழாய்களின் கட்டு காத்திருந்தது. இசக்கிமுத்து, பழுதின் ஆழம் முன்பே தெரிந்த அளவுக் குழாயில் கருவியைச் சரிசெய்துகொண்டு, சுருளைச் செலுத்தி, ஒரே சீராக இழுத்தான். முதற் குழாயில் கோடு திரையை நிறைத்து எழுந்தது. அருகிருந்தவன் ‘ஐயோ’ என்றான். அது குழாயைத் தாங்கும் தகட்டின் நிழல் என்று சாய்வு சொல்லிற்று. வெறும் வட்டமாக விட்டான். மற்றொன்றில் கடுகளவே நெளிந்த எட்டு, ஆழ்ந்த அரிப்பின் சாய்வில் நின்றது. திரும்ப இழுத்தான், திரும்பவும் அதே சாய்வு. பெரிதாய் எழுந்தது பொய், சிறிதாய்ச் சாய்ந்தது மெய். பெருக்கல் குறி இட்டான்.

தாளை வாங்கிய வெங்கடரமணன் தம் விடைத்தாளோடு ஒப்பிட்டார். விரல் கடைசி வட்டம்வரை நிற்காமல் சென்றது.

“பாஸ்” என்றார். பேனாவின் மூடியைத் திறந்தார். “ஆனா கண் சோதனையில தவறினதை நான் மறைக்க மாட்டேன். நிறம் பிரியாது, எடி கரண்ட் மட்டும்தான் பண்ணலாம்னு சர்டிபிகேட்லயே வரும். சாயம் தடவிப் பாக்கற சோதனைப் பக்கமே நீங்க போகப்படாது.”

“எழுதுங்க சார். சின்னதா ஓரத்துல வேண்டாம். பேருக்குக் கீழயே எழுதுங்க.”

அவர் அவனை ஒருமுறை ஏறிட்டு நோக்கினார். பின்பு, பெயருக்குக் கீழேயே எழுதிக் கையொப்பமிட்டார்.

சாலையோரத் தொலைபேசிக் கூண்டிலிருந்து கடைக்குப் பேசினான். தந்தையே எடுத்தார்.

“கெடச்சுதால?”

“கெடச்சுட்டுப்பா. கண்ணு இப்பிடின்னும் அதுல எழுதியிருக்கு.”

மறுமுனையில் பட்டுப்புடவை பேரம் கேட்டது. தந்தை குரலைத் தாழ்த்தினார். “அதை ஏம்ல எழுத விட்ட? நாளைக்குப் பொண்ணு கேக்கப் போற எடத்துல விசாரிப்பாவல்லா?”

“விசாரிச்சா நானே எடுத்துக் காட்டுவேன்ப்பா.”