ஐந்தரை மணிவரை

வேதா டீச்சரால் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவை அடக்க முடியவில்லை. நாற்பத்திரண்டு பெண்கள். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னால் சந்தை கூடிவிடும். 1979இல் காலாண்டுப் பரீட்சை முடிந்த கையோடு ஒரு சட்டம் போட்டார். யார் பேசினாலும் சரி, அன்றைக்கு வகுப்பு முழுவதும் ஐந்தரை மணிவரை உட்கார வேண்டும்.

முதல் நாளே நாலேகால் மணி அடித்ததும் சுனந்தா எழுந்து நின்றாள். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான்.

"டீச்சர், பொழுது போறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போவணும்."

"ஏன், பொழுது போனா பூச்சாண்டி புடிச்சிக்குவானா?"

வகுப்பே சிரித்தது. தான் சொன்னதற்குப் பிள்ளைகள் சிரித்தது டீச்சருக்குக்கூட உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. சுனந்தா உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அவள் பெயர் பூச்சாண்டி. டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து சுனந்தா என்று கூப்பிட்டால், பின் பெஞ்சிலிருந்து யாராவது, "பூச்சாண்டி வந்திருக்கு டீச்சர்" என்பார்கள். சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புக்காக மறுபடியும் எல்லோரும் ஐந்தரை மணிவரை. இப்படியே நாற்பது நாள் போயிற்று. இரைச்சல் குறையவில்லை. சுனந்தா முதல் பீரியடிலேயே தூங்கி வழிந்தாள். சோம்பேறி என்று டீச்சர் அவளை நிற்க வைத்தார்.

கார்த்திகை மாதத்து முதல் திங்கட்கிழமை, சுனந்தாவின் அப்பா தரணேந்திரன் டி.சி. வாங்க வந்தார். வேர்க்கடலை பயிரிடுகிற மனிதர். தலைமை ஆசிரியையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சொல்லாமல் போவது மரியாதையில்லை என்று வேதா டீச்சரையும் பார்க்க வந்தார். ஏன் படிப்பை நிறுத்துகிறீர்கள் என்று டீச்சர் கேட்டார். முதலில் மழுப்பினார். திரும்பவும் கேட்டபோதுதான் சொன்னார்.

"நாங்க நயினாருங்க, டீச்சரம்மா. ஜைனருங்க. பொழுது சாஞ்சிட்டா சாப்புட மாட்டோம். பாப்பா வீடு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடுது. வந்து வெறும் வயித்தோட படுத்துக்கும்."

"இத்தனை நாளும் ராத்திரிச் சாப்பாடே இல்லையா?"

"விரதம்னு நெனச்சிக்கிறேன்பான்னு சொல்லுச்சி. பசிய அது பெருசா எடுத்துக்கல. அந்தப் பேருதாங்க தாங்கல."

அவர் குரலில் கோபமே இல்லை. நீங்கள் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று டீச்சர் கேட்டார். படிச்சவங்ககிட்ட எப்படி எதிர்த்துப் பேசுவது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சருக்கும் அன்று சோமவார விரதம். பகல் முழுக்கச் சாப்பிடாமல் இருந்து, சாயந்திரம் கோயிலில் அண்ணாமலையாரைத் தரிசித்துவிட்டு வீடு வந்தார். சுடச்சுடச் சோறு காத்திருந்தது. அதில் கை வைக்க முடியவில்லை.

மறுநாள் அவர் சட்டத்தை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பெண்ணையும் பக்கத்தில் கூப்பிட்டு, எப்படி வருகிறாய், வீட்டுக்குப் போய் என்ன செய்வாய், எப்போது சாப்பிடுவாய் என்று விசாரித்தார். அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடந்தே வருகிற ஆராயி, காலையில் இரண்டு மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வருகிறவள். ஓயாமல் பேசுகிற சந்திரகலாவுக்கு வீட்டில் பேச ஆளில்லை. அம்மா பூ விற்கப் போய்விட்டால் எட்டு மணிவரை தனிதான். கேட்கக் கேட்க டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வாரத்தில் வகுப்பில் இரைச்சல் பாதியாகிவிட்டது. சந்திரகலாவே மற்றவர்களை அதட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு டீச்சர் சுனந்தாவின் ஊருக்குப் போனார். அவள் வாசலில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"தப்பு என்னுதும்மா. நான்தான் அந்தப் பேரை வச்சேன். திரும்பி வந்துடு. இனிமே யாரும் சொல்ல மாட்டாங்க."

சுனந்தா உடைத்த கடலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவங்க சொல்ல மாட்டாங்க டீச்சர். எனக்குத்தான் கேட்டுக்கினே இருக்கும்."

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் மறுத்துப் பேசவில்லை, சம்மதிக்கவும் இல்லை. நடுவில் வானத்தை அண்ணாந்து பார்த்தவள், சட்டென்று உள்ளே ஓடினாள். இலையோடும் சோற்றோடும் வந்தாள்.

"மணி அஞ்சரை ஆவப்போவுது டீச்சர். பொழுது இருக்கும்போதே சாப்டுடுங்க. நீங்க ஊருக்குப் போய்ச் சேர ரொம்ப நேரமாயிடும்."

விரதம் என்று சொல்ல டீச்சர் வாயெடுத்தார். இன்னும் கோயிலுக்குப் போகவில்லை, விளக்கேற்றவில்லை. ஆனால் தன் ஆசிரியை பசியோடு போய்விடக் கூடாதே என்று அந்தப் பெண் கையில் சொம்புத் தண்ணீரோடு நின்றாள். ஈசன் இதற்குக் கோபிக்க மாட்டார் என்று டீச்சருக்குத் தோன்றியது.

சாப்பிட்டு முடிக்கும்வரை சுனந்தா பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறினாள். அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவேயில்லை.