கழுவாத கோதுமை

"அரசி, பள்ளிக்கூடமும் போறதில்ல, வீட்ல சும்மா ஒக்காந்துட்டு என்ன கண்ணு பண்றே?"

தேஹு ரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த கோதைச் சித்தி ஒருநாள் இப்படிக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வராது என்பதால்தான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். சித்தி கேட்டால் மட்டும் வந்துவிடுமா? அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். "ஒரு வாரம் கூடமாட இருக்கட்டும்க்கா" என்று அம்மாவிடம் சொல்லி, விஷ்ராந்த்வாடிக்கு என்னைக் கூட்டிப் போனாள். தன் வீட்டு வேலைக்காரியை அப்போதுதான் நிறுத்தியிருந்தாள். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

சித்தி கோயம்புத்தூரிலிருந்து சமீபத்தில்தான் வந்தவள். சித்தப்பாவுக்கு ஐடி வேலை. அவருக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அந்த வீட்டில் கோதுமைக்குத்தான் பூஜை. இந்த மராத்தி ஊரில் கோடையில் வருஷத்துக் கோதுமையை வாங்கி, வண்டு வராமலிருக்க விளக்கெண்ணெய் தடவிப் பீப்பாயில் போட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் உள்ளங்கையில் கொஞ்சம் தொட்டுத் தடவுவோம். சித்திக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்திருந்தாள்.

"ஒரு வண்டு எட்டிப் பாக்காது பாரு" என்றாள்.

எப்படிப் பார்க்கும்? வண்டுக்கும் மானம் உண்டு.

மாவு மில்காரர் பைக்குள் கைவிட்டுப் பார்த்து, "பாபி, இது கோதுமையா, பகோடாவா?" என்று இந்தியில் கேட்டார். அரைக்கிற கல் வழுக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"படிக்காதவன், அவனுக்கென்ன தெரியும்!" என்றாள் சித்தி. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தப்பாவின் மேனேஜர் பக்தவத்சலமும் அவர் மனைவியும் சாப்பிட வருவதாக இருந்தது. சித்தப்பாவிடம் சித்தி சொன்னது அடுப்படி வரை கேட்டது.

"ஏனுங்க, இந்த விருந்து நல்லா நடந்துட்டா இவளையே வெச்சுக்கலாமுங்க. சம்பளமும் வேண்டாம், எதுத்தும் பேச மாட்டா."

அம்மாவால் தங்கையிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. என்னால் யாரிடமும் முடியாது.

அரைக்க முடியாத கோதுமையை முழுசாகவே பாயசம் வைக்கச் சித்தி முடிவு செய்திருந்தாள். அந்த வீட்டில் நான் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"சித்தி, கழுவி..."

"கழுவினா சத்துப் போயிரும் கண்ணு. ஊற வெச்ச தண்ணியையும் கொட்டாதே, அப்படியே குக்கர்ல ஊத்து. நீ படிச்சவளா, நான் படிச்சவளா?"

ஊற்றினேன். சீனிதான் சர்க்கரை வியாதிக்கு ஆகாது என்று வெல்லம் போட்டாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள். வாடை போகவில்லை. ஏலக்காயை அள்ளிப் போட்டாள். இப்போது ஏலக்காயும் நாறியது. "இது கோதுமையோட நேச்சுரல் வாசனை" என்றாள். யாரோ போனில் சொல்லியிருப்பார்கள்.

பக்தவத்சலம் ஒரு வாய் எடுத்து, மெல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"கோதைம்மா, சின்ன வயசுல எங்கப்பா லீவு நாள்ல மூக்கப் புடிச்சு ஒண்ணு ஊத்துவாரு. அச்சு அசல் அதே டேஸ்ட்."

"எதுக்கும் பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க" என்றார் அவர் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு.

சித்தப்பாவின் ஸ்பூன் பாதியில் நின்றது. பாவம், மனைவியை மெச்சுவதற்காக அவர் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார்.

சித்தியின் முகம் சிவந்தது. பிறகு விரல் என் பக்கம் நீண்டது.

"இவ வேலைங்க! சொல்லச் சொல்லக் கேக்காம, கழுவாமப் போட்டுட்டா. படிப்பும் ஏறல, ஒரு வேலையும் தெரியாது. இப்படி ஒருத்திய எந்த வீட்ல வெச்சுப்பாங்க, சொல்லுங்க!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பிலும் இப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் இங்கே எனக்கு வேண்டியதைச் சித்தியே சாட்சிகளை வைத்துச் சொல்லிவிட்டாள். எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். இந்த வீட்டிலும்தானே?

உள்ளே போய் என் துணிப்பையை எடுத்தேன். சித்தப்பா என்னை இடித்துக்கொண்டு ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் தாழிட்டார்.

"அரசி, சாருக்கு மோர் கொண்டா கண்ணு, சீக்கிரம்!" என்று சித்தி கூவினாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியிறங்கினேன்.