மூன்று நாள் காய்ச்சல்

1966 செப்டம்பர் 13, செவ்வாய்க்கிழமை.

இன்று ஒரு சிறு பிழை செய்தேன். மலேரியா அலுவலகத்துக்குப் போகவேண்டிய காய்ச்சல் பட்டியலில், கூடைப்பந்துக் குழுவின் பதிவேட்டையும் பார்த்து, ஊரில் வீடு உள்ள எட்டுப் பெண்களின் பெயரைச் சேர்த்துவிட்டேன். பட்டியல் கைமாறிய பிறகுதான் அது தவறு என்று உறைத்தது.

வேலையை ஒழுங்காகச் செய்கிற நினைப்பில் வந்த வினை இது. திருவள்ளூரில் இந்தப் பெண்கள் பள்ளியில் நான் எழுத்தராகச் சேர்ந்து பதினான்கு மாதமாகிறது. மாலையில் தட்டெழுத்து வகுப்புக்குப் போகிறேன். பட்டியல் எதுவானாலும் ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது என்பது அங்கே முதல் பாடம். நேற்று மாலை வகுப்பிலேயே காய்ச்சல் பட்டியலை அடித்து மூன்று நகல் எடுத்தேன். ஓர் எழுத்தும் பிசகவில்லை. பிசகியது வேறு இடத்தில்.

பயிற்சிக்கு வராத பெண்களின் பெயருக்கு எதிரே காரணம் எழுதவேண்டும். மாதத்தில் மூன்று நாள் ஒவ்வொருத்தியும் வரமாட்டாள். காரணம் எனக்குத் தெரியும், விளையாட்டு ஆசிரியை கிரேஸ் டீச்சருக்கும் தெரியும். ஆனாலும் நான் ‘காய்ச்சல்’ என்றே எழுதிவந்தேன். நானும் இதே பள்ளியில் படித்தவள்தான். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த விடுப்புக் கடிதங்கள் இரண்டே: ஒன்று காய்ச்சலுக்கு, மற்றது அக்காவின் கல்யாணத்துக்கு. அக்காவுக்கு மாதாமாதம் கல்யாணம் நடக்காது. ஆகவே எல்லாரும் காய்ச்சலில் படுத்தோம்.

அந்தப் பொய்யைத்தான் இன்று அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

மாலையில் மைதானத்துக்குப் போனேன். அங்கே நாடக ஒத்திகை. எங்கள் பள்ளியில் மேடை தனியாகக் கிடையாது. ஒரு கூடைக் கம்பத்துக்கு முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, வளையத்திலிருந்து நீலத் திரையைத் தொங்கவிடுவார்கள். காற்றில் திரை ஊதும்போது மைதானமே தரையைவிட்டு ஓரடி எழும்பி நிற்பதுபோல் இருக்கும்.

இந்த ஆண்டு நாடகத்தில் ஓர் அரசன், தன் நாட்டு எல்லையில் நிலவை நிறுத்திவைத்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்கிறான். அரசன் வேடம் ஹேமாம்புஜத்துக்கு. பத்தாம் வகுப்பு. வீரராகவர் கோயில் குளத்தருகே வீடு. அப்பா வேங்கடேசன் கோயில் கைங்கரியத்தில் இருக்கிறார். கறுப்பு நூல் மீசையோடு வசனம் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒத்திகை முடிந்ததும் மீசையைக் கழற்றாமலே பந்தை எடுத்து வளையத்தில் போட்டாள். திரை நடுங்கி அடங்கியது. நின்ற இடத்திலிருந்து குதித்துப் பந்து போட எங்கள் குழுவில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

சனிக்கிழமை இறுதி ஆட்டம். கும்மிடிப்பூண்டிப் பெண்கள் வருகிறார்கள். பதிவேட்டைப் பார்த்தேன். ஹேமாவுக்கு ஜூலையில் 21 முதல் 23, ஆகஸ்டில் 18 முதல் 20. அடுத்தது நாளை மறுநாள் தொடங்கி சனிக்கிழமையில் முடியும். இதைக் குழுத்தலைவி அங்காளம்மாளிடம் சொன்னேன். பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

“எங்க ஊர்லயும் அந்த மூணு நாளு படகத் தொடக்கூடாதுன்னுவாங்கக்கா,” என்றாள் அவள். “சரி, படகு கடலுக்குப் போவுது, பயம். பந்து எங்க போவுது? அந்த வளையத்துக்குத்தானே?”

செப்டம்பர் 15, வியாழக்கிழமை.

ஹேமா இன்று வரவில்லை. காரணம் எழுதும் இடத்தை வெற்றாக விட்டேன்.

பதினொரு மணிக்கு மலேரியா ஆள் முனுசாமி சைக்கிளில் வந்து இறங்கினார். காக்கிச் சட்டை, தோளில் பை. காய்ச்சல் என்று பெயர் வந்த வீட்டுக்கெல்லாம் போவார். விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிக்கொள்வார். கசப்பு மாத்திரை கொடுத்து, சுவரில் தேதி எழுதிவிட்டு வருவார். இந்த ஊரில் அவர் தேதி எழுதாத சுவர் இல்லை.

என் பட்டியலைக் கையில் விரித்து வைத்திருந்தார்.

“இன்னா கிளார்க்கம்மா இது? மாசம் பொறந்தா கரெக்டா மூணு நாளு காய்ச்சல். அதுவும் பந்தாடுற பொண்ணுங்களுக்கு மட்டும். என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு கொசுவ நான் பாத்ததில்ல.”

வீடுகளை அடையாளம் காட்ட என்னை அவருடன் அனுப்பினார் தலைமையாசிரியை. அவர் அறையில் வைத்தே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குளக்கரை வழியாக நடந்தோம். தண்ணீரில் மண்டபம் தலைகீழாக நின்றது. நானும் அப்படித்தான் நடக்கிறேன் என்று பட்டது. கால் எங்கோ, தலை எங்கோ.

முதல் வீடு ஹேமாவுடையது. வேங்கடேசன் வாசலுக்கு வந்தார். முனுசாமி மரியாதையாகப் பட்டியலைக் காட்டி, மூன்று மாதமாக விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்பதால் ரத்தம் எடுத்தே ஆகவேண்டும் என்றார். தன் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று யார் சொன்னது என்று கேட்டார் வேங்கடேசன். பட்டியலின் அடியில் இருந்த என் கையெழுத்தை முனுசாமியின் விரல் தொட்டது.

உள்ளேயிருந்து ஹேமாவின் அம்மா கமலவல்லி அவசரமாகக் குரல் கொடுத்தார். “ஆமாம், லேசா ஜுரம்தான். மாத்திரையைக் கொடுத்துட்டுப் போகச் சொல்லுங்கோ.”

வேங்கடேசன் மனைவி பக்கம் திரும்பினார். பிறகு தரையைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனாலும் மாத்திரைக்காகக் கையை நீட்டினார். காய்ச்சலே இல்லாத பெண் கசப்பு மாத்திரை விழுங்கினாலும் விழுங்கட்டும், அந்தச் சொல் மட்டும் வாசலில் விழக் கூடாது. அந்த வீட்டில் மூன்று பேருக்கும், எனக்கும், அதுதான் பெரிதாக இருந்தது.

முனுசாமி விடவில்லை. “மாத்திர அப்புறம் சாமி. மொதல்ல ரத்தம். பொண்ண வரச் சொல்லுங்க, வெரலத் தொட்டு ஒரு குத்து, அவ்ளோதான்.”

தொட்டு என்றதும் கமலவல்லி, “இன்னிக்கு வேண்டாம்,” என்றார்.

“இன்னிக்குத்தானே காய்ச்சலு? இன்னிக்கே எடுத்தாத்தான் தெரியும்.”

ஊசி வெளியே வந்துவிட்டது. என் பிழை அதன் முனையில் மின்னுவதுபோல் இருந்தது. எப்படிப் பேசினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

“அவளுக்குக் காய்ச்சல் இல்லைங்க. எட்டுப் பேருக்குமே இல்லை. மாதவிலக்கு. நான்தான் காய்ச்சல்னு பொய்யா எழுதினேன்.”

முனுசாமி ஊசியைப் பஞ்சில் துடைத்து, டப்பியில் வைத்து, பையின் வாரை மாட்டினார். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபம் வரவில்லை.

“எங்கூட்லயும் மூணு பொண்ணுங்க இருக்குது,” என்றார் மெல்ல. “என் பையில இதுக்கு மருந்து இல்லம்மா. நோவா இருந்தாத்தானே மருந்து?”

வீட்டின் பின்கட்டிலிருந்து ஹேமாவின் குரல் வந்தது. அரசன் வேடத்தில் பேசுகிற அதே உரத்த குரல்.

“அப்பா, நோவு இல்லேன்னா நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?”

வேங்கடேசன் அங்கவஸ்திரத்தைத் தோளில் சரிசெய்துகொண்டு, நேரமாகாத நேரத்தில் கோயிலுக்குக் கிளம்பினார். முனுசாமி சுவரில் தேதி எழுதவில்லை. மீதி ஏழு பெயர்களையும் தானே அடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

செப்டம்பர் 17, சனிக்கிழமை.

கும்மிடிப்பூண்டிப் பெண்கள் மூன்று மணிக்கே பஸ்ஸில் வந்துவிட்டார்கள். இது அவர்கள் மைதானம் என்பதுபோல் நடந்து பார்த்தார்கள். எங்கள் பக்கம் ஹேமாவின் இடத்தில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, கூப்பிட்டால் அழுதுவிடுவாள்போல் நின்றாள். கிரேஸ் டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் ஆட்டப் புள்ளி ஏட்டில் ஹேமாவின் பெயரை எழுதுவதா என்று தெரியாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேலேயே சீவிவிட்டேன்.

விசில் ஊத ஐந்து நிமிடம் இருக்கும்போது வேலியோரம் இரண்டு பேர் வந்தார்கள். ஹேமாவும் அவள் அம்மாவும். ஹேமா தாவணியை இழுத்துச் செருகியபடி ஓடினாள். “மகாராஜா, சீட்டு வாங்கினீங்களா?” என்று அங்காளம்மாள் கேட்க, ஐந்து பேரும் சிரித்துக்கொண்டே மைதானத்தில் இறங்கினார்கள்.

கமலவல்லி மட்டும் உள்ளே வராமல் வேலிக்கு அப்பால், என் மேசைக்குப் பக்கமாக நின்றார். வேங்கடேசன் ஒப்புக்கொண்டாரா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

“சரின்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடட்டும்னார். அவ்வளவுதான்.”

ஆட்டம் தொடங்கியது. பந்து ஹேமாவின் கையிலிருந்து அங்காளம்மாளுக்கு, அங்கிருந்து எதிரணிக்காரியின் கைக்கு, மறுபடி ஹேமாவுக்கு என்று போனது. மாலை வெயிலில் புழுதி பொன்னாக எழுந்தது. அதற்குள் பெண்களின் கால்கள் மறைந்து, கைகள் மட்டும் மிதந்தன. முதலில் பந்து கைமாறும்போதெல்லாம் கமலவல்லி கண்ணை இறுக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் உதடு எதையோ எண்ணத் தொடங்கியதைக் கவனித்தேன். திடீரென்று சிரித்துவிட்டார்.

“பத்துப் பேருக்கும் தீட்டு ஒட்டிண்டுடுத்து,” என்றார். “நடுவுல விசில் ஊதறாரே, அவருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.”

நானும் சிரித்தேன். ஒரு கூடையைக் குறிக்கத் தவறப் பார்த்து, சமாளித்துக்கொண்டேன்.

பிறகு அவர் சிரிப்பு நின்றது. கண்ணை மைதானத்தில் வைத்தபடியே பேசினார். சிறுவயதில் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொண்டாராம். பதின்மூன்று வயதிலிருந்து மாதம் மூன்று நாள் பாட்டு வாத்தியார் வந்து திரும்பிப் போவாராம். கற்ற வர்ணம் ஒன்று பாதியில் நின்றது. பிறகு வாத்தியாரும் நின்றுவிட்டார்.

“மாசம் மூணு நாள்னா வருஷத்துக்கு முப்பத்தாறு நாள். நேத்துதான் கணக்குப் போட்டேன். இருபத்தஞ்சு வருஷமாச்சு. ரெண்டரை வருஷம் கொல்லை ரூம்லயே இருந்திருக்கேன் அம்மா, ஒரு நோயும் இல்லாம. யாரும் என்னை அடைக்கலை. இதுக்கு வெட்கப்படணும்னு பெரியவா சொன்னா, நான் நம்பிட்டேன். நம்பினதையே என் பொண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.” மைதானத்தில் ஹேமா குதித்தாள், பந்து வளையத்தைச் சுற்றி உள்ளே விழுந்தது. “இது நோயும் இல்லை, பாவமும் இல்லை. உடம்பு முடியலைன்னா பொண்ணு படுத்துக்கட்டும். முடிஞ்சா ஆடட்டும், படிக்கட்டும், பாடட்டும். அதை நாம மூடி மூடி வச்சதுதான் பாவம்.”

ஆட்டத்தில் தோற்றோம். இருபத்து மூன்றுக்கு இருபத்து நான்கு. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்; என் பிழை ஒன்றுமில்லை. ஹேமா பதினொரு புள்ளி. தோற்ற பெண்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று கும்மிடிப்பூண்டிக்காரிகளுக்குப் புரிந்திருக்காது. விளக்கு வைக்க நேரமிருந்தது. அம்மாவும் பெண்ணும் அவசரமில்லாமல் குளக்கரைப் பக்கம் நடந்து போனார்கள். அம்மா ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். பாட்டா, பேச்சா என்று இங்கிருந்து கேட்கவில்லை.

முனுசாமி பெயர்களை அடித்துவிட்டதோடு என் தவறு தீர்ந்துவிடவில்லை. பட்டியலில் இருந்தது போனது. வீடுகளில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது.

நாளை ஞாயிறு. செய்யவேண்டியவை: மீதி ஏழு வீட்டுக்கும் போய் அம்மாக்களைப் பார்த்துப் பேசவேண்டும், நான் மட்டும், பட்டியல் இல்லாமல். வரும் வழியில் அரசனின் மீசைக்குக் கறுப்பு நூல் ஒரு கண்டு வாங்கவேண்டும்.